கடலூர் மாவட்ட உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும்

வணக்கம்.

விடியுமுன்பே அண்ணா விளையாட்டரங்கத்திலும் மஞ்சக்குப்பம் மைதானத்திலும் பிள்ளைகளுக்காக வந்து நிற்கிறவர்கள் நீங்கள். அந்த உழைப்பின் மேல் உள்ள மதிப்பால்தான் பிள்ளைகளின் முழங்கால் வலி பற்றி எழுதுகிறேன்.

என் மகளுக்கு 12 வயது. வாலிபால் ஆடுகிறாள். ஒருநாள் அவள் மாடிப்படியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்குவதைப் பார்த்தேன். முழங்கால் சில்லுக்கு இரண்டு விரல் கீழே எலும்பு புடைத்திருந்தது. தொட்டதும் காலை இழுத்துக்கொண்டாள். பயிற்சியாளரிடம் சொன்னாயா என்று கேட்டேன். சொன்னாளாம். "ஆடாமல் இருக்க இது ஒரு சாக்கா?" என்றாராம். அதன்பின் யாருக்கும் தெரியாமல் வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஆடியிருக்கிறாள்.

ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்ற முழங்கால் கோளாறு என்றார் மருத்துவர். 1903-இல் அதைத் தனித்தனியே விவரித்த இரு மருத்துவர்களின் பெயர் அது. கிடுகிடுவென வளரும் வயதில், ஒவ்வொரு முறை குதிக்கும்போதும் தொடையின் முன்தசை சில்லுக்குக் கீழுள்ள நாணை, அதாவது கால் எலும்போடு பிணைக்கும் பட்டையை, இழுக்கிறது. நாண் பற்றியிருக்கும் இடமோ இன்னும் முற்றாத குருத்தெலும்பு. இழுபட்டு இழுபட்டு அது ரணமாகிறது. விழாமல், அடிபடாமல் வரும் வலி என்பதால் யாரும் நம்புவதில்லை.

ஆட்டத்தை அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை மருத்துவர். சில வாரங்கள் குதிப்பதை மட்டும் குறைத்தோம். துணியில் சுற்றிய ஐஸை பத்து நிமிடம் வைத்தோம். சுவரில் முதுகைச் சாய்த்து அரைகுறையாக உட்கார்ந்தபடி நிற்பது, இடுப்புக்கும் தொடைக்கும் வலுவூட்டுவது என்று பிசியோதெரபிஸ்ட் பழக்கினார். மறுநாள் காலையில் வலி கூடியிருந்தால் முந்தைய நாள் ஆடியது அதிகம். அந்தக் கணக்கை இப்போது அவளே பார்த்துக்கொள்கிறாள்.

உங்களிடம் கேட்பது இதுதான். போட்டி நெருங்குகிறது என்று ஒரே வாரத்தில் பயிற்சியை இரட்டிப்பாக்காதீர்கள். அப்படித் திடீரெனக் கூட்டினால் முழங்கால் கெடக்கூடும். வாரத்தில் ஒருநாளாவது ஓய்வு கொடுங்கள். மூட்டு வீங்கினாலோ, மடக்கி நீட்ட முடியாமல் சிக்கினாலோ, பிள்ளை நொண்டினாலோ உடனே மருத்துவரிடம் அனுப்புங்கள். இடுப்பு மூட்டில் உள்ள கோளாறுகூடப் பிள்ளைகளுக்கு முழங்கால் வலியாகவே தெரிவதுண்டு.

தினமும் பயிற்சிக்கு முன் "யாருக்கு முழங்கால் வலிக்கிறது?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கை தூக்கினால் அணியில் இடம் போய்விடாது என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தந்தை,
திருப்பாதிரிப்புலியூர்