நான்கு லிட்டர் இரவில் உடனிருந்தவர்களுக்கு

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பி 22 நாட்கள் ஆகின்றன. கிளம்பும்போது யாருக்கும் ஒழுங்காக நன்றி சொல்லவில்லை. அந்தக் கடனுக்காக இந்த மடல்.

முதலில் என் மருமகளுக்கு. மலத்தோடு இரத்தம் போனதை இரண்டு முறை தண்ணீர் ஊற்றி மறைத்தவன் நான். வலியே இல்லை; ஆகவே மூலம்தான் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். மூன்றாவது முறை எழுந்தபோது கண் இருட்டியது, கதவைப் பிடித்துக்கொண்டேன். "மூலமாகவே இருக்கட்டும் மாமா, அதை டாக்டர் சொல்லட்டும்" என்றவள், என் பதிலுக்குக் காத்திராமல் ஆம்புலன்ஸை அழைத்துவிட்டாள்.

அவசரப் பிரிவில் இருந்த இளம் மருத்துவருக்கு என் பொய்யைப் பிடித்ததற்காக நன்றி. இரண்டு கைகளிலும் ஊசி ஏற்றி சலைன் ஓடவிட்டபடியே, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று கேட்டார். இரத்த அழுத்தத்துக்கு மட்டும் என்றேன். சற்றுப் பொறுத்து, "முழங்கால் வலிக்கு என்ன போடுகிறீர்கள் ஐயா?" என்றார். மாட்டிக்கொண்டேன். மாதக்கணக்காகத் தினமும் வலி மாத்திரை. அது இரைப்பையையும் புண்ணாக்கும், பெருங்குடலிலும் இரத்தம் கசியவிடும் என்பது அன்றுதான் தெரியும். கீழே போகிற இரத்தத்துக்கு வாய் வழியாகவா குழாய் என்று எண்டோஸ்கோபிக்கு முரண்டு பிடித்தேன். மேலே வேகமாகக் கொட்டினால் கீழே சிவப்பாகவே வரும் என்று பொறுமையாக விளக்கினார். இரைப்பையில் ஒன்றுமில்லை.

முதல் ஹீமோகுளோபின் 12. "பார்த்தீர்களா, இரத்தம் பெரிதாகக் குறையவில்லை!" என்றேன். "சாயத் தண்ணீரில் பாதியைக் கொட்டினாலும் மீதியின் நிறம் மாறாதே ஐயா. உடம்பு நீரை இழுத்துச் சேர்த்த பிறகு பார்ப்போம்" என்றார். மறுநாள் காலையில் 6.8. அன்று என்னுள் ஏறிய இரண்டு யூனிட் இரத்தம் யாருடையது என்று தெரியாது. முகம் தெரியாத அந்த இருவருக்கும் என் வணக்கம்.

இனி, இரண்டாம் இரவுப் பணியில் இருந்த செவிலியர். பெருங்குடல் சுத்தமானால்தான் கொலனோஸ்கோபியில், அதாவது ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும்போது, இரத்தம் வரும் இடம் தெரியும்; அதற்கு நான்கு லிட்டர் பேதி மருந்து. உப்புக் கரித்து, வழவழவென்று, குடிக்கக் குடிக்கக் குறையாத திரவம். கால் கால் லிட்டராகப் பதினாறு டம்ளர். ஒவ்வொன்றுக்கும் அட்டையில் ஒரு கோடு போட்டார். ஒன்பதாவது கோட்டில் அழுதுவிட்டேன். வயது 67. அவர் பார்க்காததுபோல் சலைன் பாட்டிலை மாற்றிவிட்டு, அடுத்த டம்ளரை நீட்டினார். ஒவ்வொரு முறையும் கழிப்பறைக்குக் கைத்தாங்கலாக அழைத்துப் போய், முகம் சுளிக்காமல் டார்ச் அடித்துப் பார்த்தார். கருஞ்சிவப்பு, கட்டி, கலங்கல். விடியும்போது வெளிர் மஞ்சளாய்த் தெளிந்த நீர். "போதும் ஐயா" என்று அவர் சொன்னபோது, தேர்வில் தேறியவன்போல் சிரித்தேன்.

கொலனோஸ்கோபி செய்த மருத்துவர் பிறகு படம் காட்டினார். குடல் சுவரில் பொத்தான் துளைபோலச் சின்னச் சின்னப் பைகள். வலப்பக்கத்துப் பை ஒன்றின் வாயில் மட்டும் ஒரு இரத்தக்குழாய் மொட்டுப்போல நீட்டிக்கொண்டிருந்தது. அதை இறுக்கி மூட அங்கே இரண்டு கிளிப். பெரும்பாலும் இத்தகைய கசிவு தானாகவே நின்றுவிடுமாம், என்னுடையது நிற்கவில்லை. புற்றுநோய் இல்லை என்பதை அவர் முதல் வாக்கியமாகவே சொன்னதற்குத் தனி நன்றி. வலி மாத்திரைக்கு முழுத் தடை.

கடைசியாக, வார்டில் தொலைபேசியை எடுத்தவருக்கு ஒரு மன்னிப்பும். வீடு வந்த நான்காம் நாள், அதிகாலை ஐந்து மணிக்கு, மலம் கறுப்பாகப் போகிறது என்று பதறி அழைத்தேன். தார்போல் ஒட்டுகிறதா, தலை சுற்றுகிறதா என்று நிதானமாகக் கேட்டார். இல்லை என்றேன். "இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்களே, சாப்பிடுகிறீர்களா?" என்றார். சாப்பிடுகிறேன் என்றேன். "அதுதான் ஐயா."