சாவியும் ஆவியும்

அன்பு மகளுக்கு,

போன வாரம் நீ வாசலில் நின்றுகொண்டு, "அப்பா, சாவி உள்ளே இருக்கிறது" என்றாய். என் காதில் "ஆவி உள்ளே இருக்கிறது" என்று விழுந்தது. "பயப்படாதே, விளக்கைப் போட்டுவிட்டு உள்ளே போ" என்று நான் தைரியம் சொல்ல, நீ போனையே வைத்துவிட்டாய். உன் அம்மா அன்று முழுக்கச் சிரித்தாள். மறுநாள் காலையிலேயே என்னைக் காது பரிசோதனைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். தாழ்ந்த சுருதி ஒலிகளுக்கு ஒன்றுவிடாமல் அழுத்தினேன். பிறகு ஒன்றும் வரவில்லை. முடிந்துவிட்டது என்று எழுந்தால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் உட்காரச் சொல்லிக் கை காட்டினாள். ஒலி வந்துகொண்டேதான் இருந்ததாம்.

என் காது எவ்வளவு கேட்கிறது என்று அவள் போட்டுக் காட்டிய கோடு 2,000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 2,000 அதிர்வுகள்) வரை சமதரையாகப் போய், அதன் பிறகு பள்ளத்தில் இறங்குகிறது. பேச்சில் உயிரெழுத்துகளின் பலமெல்லாம் கீழ் அதிர்வெண்களில்தான் இருக்கிறது. மெய்யெழுத்துகள் பலவற்றின் அடையாளம் மேலே. 'ஸ்' என்ற சீறல் 4,000 ஹெர்ட்ஸையும் தாண்டும். ஆக எனக்கு உயிர் கேட்கிறது, மெய் கேட்கவில்லை. கடை, படை, தடை, சடை நான்கும் எனக்கு ஒரே சொல். யாரோ பேசுவது நன்றாகவே கேட்கும், என்ன பேசுகிறார்கள் என்பதுதான் புரியாது. நீங்கள் எல்லாரும் வாய்க்குள்ளேயே முனகுகிறீர்கள் என்று இத்தனை நாள் குற்றம் சாட்டிக்கொண்டிருந்தேன்.

உட்காதில் நத்தை ஓடு போல இரண்டரைச் சுற்றுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சுருண்ட ஒரு குழாய் இருக்கிறது. காக்ளியா என்பார்கள். நீட்டினால் சுமார் 35 மில்லிமீட்டர். அதன் வாசலில் உச்ச சுருதி ஒலிகளுக்கான இடம், உள்ளே போகப் போகத் தாழ்ந்த சுருதி ஒலிகள். அங்கே வரிசையாக நிற்கும் உரோமச் செல்கள் காதுக்குச் சுமார் 15,000 மட்டுமே. கண்ணின் விழித்திரையில் ஒளி ஏற்பிகள் 12 கோடி என்று படித்தபோது, காதை இவ்வளவு சிக்கனமாகவா படைக்க வேண்டும் என்று எனக்குக் கோபம்தான் வந்தது. ஒவ்வொரு செல்லின் உச்சியிலும் நுண்ணிய குச்சிகள் ஒரு கொத்தாக நிற்கின்றன. பக்கத்துக் குச்சிகளை ஒரு நூலிழை இணைக்கிறது. ஒலி அலையில் கொத்து சாயும்போது அந்த இழை இழுபட்டு ஒரு கதவு திறக்கிறது. பொட்டாசியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. நரம்புக்குச் செய்தி போகிறது. கண்ணில் ஒளி பட்டால் வேதிமாற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்த பிறகுதான் சேதி. காதில் இழையை இழுத்தால் கதவு திறக்கும், அவ்வளவுதான்.

இந்த 15,000 செல்களில் மூளைக்குச் சேதி சொல்பவை சுமார் 3,500. மற்றவை நீண்டும் சுருங்கியும் மெல்லிய ஒலிகளைத் தூக்கிக் கொடுக்கின்றன. பெரும்பாலும் முதலில் போவது இவைதான். இவை போனால் மெதுவான பேச்சு காணாமல் போகும். பெரிய சத்தமோ முன்பு போலவே வந்து அறையும். "கேட்கவில்லை" என்பேன், உன் அம்மா குரலை உயர்த்துவாள், "ஏன் கத்துகிறாய்?" என்று எரிந்து விழுவேன். அது வீம்பு அல்ல என்று இப்போது அவளிடம் அறிவியல்பூர்வமாக நிரூபித்துவிட்டேன். அவள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

நாக்கின் சுவைச் செல்கள் பத்துப் பதினைந்து நாளில் புதிதாகிவிடுகின்றன. மூக்கில் வாசனை பிடிக்கும் செல்களும் அவ்வப்போது புதிதாக முளைக்கின்றன. காதில் பிறக்கும்போது இருந்த கணக்குதான் கடைசிவரை. கோழிக்கு உரோமச் செல்கள் செத்தால் மறுபடி முளைக்கும். எனக்கு முளைக்காது.

வயது ஒரு காரணம். வேலை பார்த்த இடத்து இயந்திர இரைச்சல் இன்னொன்று. சேர்ந்த புதிதில் தலை வலித்தது. ஒரு மாதத்தில் பழகிவிட்டது. சட்டையைப் போட்ட நிமிடத்தில் தோல் அதை மறந்துவிடுகிறது. தொடு ஏற்பிகளில் பல, மாற்றத்தை மட்டும் அறிவித்துவிட்டு ஓய்ந்துவிடுபவை. அதில் ஒரு சேதமும் இல்லை. காதும் அப்படித்தான் பழகிக்கொண்டது என்று நம்பினேன். பழகவில்லை, செத்துக்கொண்டிருந்தது. உன் இயர்போனைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அம்மா தனியாக எழுதுவாள்.

ஐந்து நாளாகக் கருவி மாட்டியிருக்கிறேன். செய்தித்தாளைப் புரட்டினால் சருகு எரிவது போல இருக்கிறது. என் செருப்புச் சத்தத்துக்கு நானே திரும்பிப் பார்க்கிறேன். மூளை இதற்கெல்லாம் பழகச் சில வாரங்கள் ஆகுமாம்.

போனில் மட்டும் இன்னும் சிரமம். பழைய தொலைபேசி இணைப்புகள் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். மேலே உள்ளதை வெட்டிவிடும். ஆக, ஆவி வந்ததில் போனுக்கும் பங்கு இருக்கலாம். வீடியோவில் பேசினால் நல்லது. கண்ணும் சேர்ந்துதான் கேட்கிறது: 'கா' என்று அசையும் உதட்டோடு 'பா' என்ற ஒலியை ஓட்டினால், பார்ப்பவர்களில் பலருக்கு 'தா' என்று கேட்கிறது என்பதை 1976-இல் மெக்கர்க்கும் மெக்டொனால்டும் சோதித்துக் காட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. விளக்கு உன் முகத்துக்கு எதிரே இருக்கட்டும். போன தடவை முதுகுக்குப் பின்னால் இருந்தது, உதடே தெரியவில்லை. கத்த வேண்டாம், நிறுத்திப் பேசு.

அது சரி, அன்று கதவை எப்படித்தான் திறந்தாய்? யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒருவேளை சொல்லியிருப்பீர்கள்.

அன்புடன்,
அப்பா