மனைவிக்கு மட்டும்தான் டெஸ்ட்டா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எண்ணூர் பக்கம் லாரி டிரைவர்களுக்கு மருத்துவ முகாம் நடந்த செய்தியைப் படத்தோடு போட்டிருந்தீர்கள். கண், சுகர், பிரஷர் மூன்றும் பார்த்தார்களாம், கண்ணாடியும் கொடுத்தார்களாம். நல்ல விஷயம்தான், குறை சொல்ல வரவில்லை. ஆனால் வாரக்கணக்கில் வீட்டை விட்டுக் கன்டெய்னரோடு ரோட்டிலேயே படுத்து எழுகிற ஆண்களை ஒரே இடத்தில் உட்கார வைத்துவிட்டு, பால்வினை நோயைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் அனுப்பிவிட்டார்களே (செய்தியில் அப்படி எதுவும் இல்லை, அதனால் பேசவில்லை என்றுதான் நினைக்கிறேன்) என்று உறுத்தலாக இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் தண்டையார்பேட்டையில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் பார்மசிஸ்ட். கவுன்டரில் பெண் நிற்கிறாள் என்றதும் சில ஆண்கள் படியேறாமல் பக்கத்து டீக்கடையிலேயே நின்றுவிடுவார்கள். கூட்டம் குறைந்த பிறகு வந்து, குளுக்கோஸ் பாக்கெட்டை எடுத்துப் பார்ப்பது போல் பார்த்துவிட்டு, "அண்ணன் இல்லையா?" என்று கேட்பார்கள். அண்ணன் சாப்பிடப் போயிருக்கிறார், என்னிடமே சொல்லுங்கள் என்றால், "ஒண்ணும் இல்ல, உடம்பு சூடு, ஒண்ணுக்குப் போனா எரியுது, அதுக்கு ஒரு மாத்திரை" என்று மேலே ஓடும் ஃபேனைப் பார்த்துக்கொண்டே சொல்வார்கள். நம் ஊர் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வண்டி ஓட்டினால் நீர்க்கடுப்பு வரும், உண்மைதான். ஆனால் எரிச்சலோடு சீழ் போலக் கசிந்தால், புண் இருந்தால், தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தால், அது இளநீரிலும் சப்ஜாவிலும் தீர்கிற சூடு இல்லை. டாக்டரைப் பாருங்கள் என்று நான் சொன்னால் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள், அங்கே கிடைத்தும் விடுகிறது.

இதில் சட்டம் இல்லாமல் இல்லை. செஃபிக்சிம் போன்ற ஆன்டிபயாட்டிக் மருந்துகள் 2014 முதல் ஷெட்யூல் ஹெச்1 பட்டியலில் இருக்கின்றன. சீட்டு இல்லாமல் தரக்கூடாது, டாக்டர் பெயரும் நோயாளி பெயரும் தனிப் பதிவேட்டில் ஏற்றி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். நடைமுறையில் என்ன நடக்கிறது என்பது வாசகர்களுக்கும் தெரியும். இரண்டு மாத்திரை வாங்கிப் போடுகிறார், எரிச்சல் நிற்கிறது, குணமாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார். வெட்டை நோய்க் (கொனோரியா) கிருமி இப்படி அரைகுறையாக மருந்து தின்று தின்றே பழகிப்போனது. ஒரு காலத்தில் இதற்குக் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்த சிப்ரோஃப்ளாக்சசின் இன்றைக்குப் பெரும்பாலும் கேட்பதில்லை.

கிரந்தி என்று பெரியவர்கள் சொல்லும் சிபிலிஸ் இன்னும் மோசமான ஏமாற்றுக்காரன். முதலில் வரும் புண் பெரும்பாலும் வலிக்காது, சில வாரங்களில் மருந்தே இல்லாமல் தானாக ஆறியும் விடும். அப்புறம் உள்ளங்கை, உள்ளங்காலில் தடிப்பு வரலாம், அதுவும் போய்விடும். பிறகு வருஷக்கணக்கில் சத்தமே இருக்காது, ஆனால் ரத்தத்தில் இருக்கும். புண் தானாகத்தான் ஆறியிருக்கும், ஆனால் அதற்கு முந்தின வாரம் வாங்கிய ஏதோ ஒரு களிம்புக்குத்தான் பாராட்டு கிடைக்கிறது. ரயில் பெட்டியில் ஒட்டிய நோட்டீஸைப் பார்த்து லாட்ஜில் உட்காரும் வைத்தியரிடம் ஆயிரக்கணக்கில் கொடுத்து லேகியம் வாங்கியவர்களும் இப்படித்தான் அவரைக் கைராசிக்காரர் என்கிறார்கள்.

இனி என் மனதில் உள்ள முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். வடசென்னையில் ஒரு குடும்பத்தில் பால்வினை நோய்க்கான டெஸ்ட்டை முதலில் எடுப்பது யார் தெரியுமா? கர்ப்பமான மனைவி. மாநகராட்சி சுகாதார நிலையமோ ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரியோ, முதல் செக்கப்பிலேயே எச்ஐவி, சிபிலிஸ், மஞ்சள் காமாலை பி மூன்றுக்கும் ரத்தம் எடுத்துவிடுவார்கள். அது சரியான ஏற்பாடு, பிள்ளையைக் காப்பாற்றுகிறது. ஆனால் ரிப்போர்ட்டில் பாசிடிவ் என்று வந்தால் வீட்டில் கிளம்புகிற முதல் கேள்வி, "இவளுக்கு எங்கிருந்து வந்தது?" என்பதுதான். புருஷன் இன்றைக்கு வரை ஒரு சொட்டு ரத்தம் கொடுத்திருக்க மாட்டார். யாருக்கு முதலில் வந்தது, யார் யாருக்குக் கொடுத்தார் என்று எந்த ரத்தப் பரிசோதனையும் சொல்லாது. ஆனால் முதலில் டெஸ்ட் எடுத்தவள் தலையில்தான் பழி விழுகிறது. எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணை ஏழு மாத வயிற்றோடு தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் கணவர் "சூடு" என்று சொல்லி மாத்திரை வாங்கித் தின்றவர்தான் என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் நான் சொல்லக்கூடாது. அந்த அவஸ்தை இருக்கிறதே!

இதைவிட ஒன்று. "வீட்ல அவளுக்கும் ஒரு ஸ்ட்ரிப் சேர்த்துக் குடுங்க, சத்து மாத்திரைன்னு சொல்லிக்கிறேன்" என்று ஒருவர் கேட்டார். அக்கறைதான் என்று எடுத்துக்கொள்ளவா? மனைவி கர்ப்பமாக இருக்கிறாரா, பெனிசிலின் அலர்ஜி உண்டா, எதுவும் தெரியாமல் எதைக் கொடுப்பது? டாக்ஸிசைக்ளின் போன்றவற்றைக் கர்ப்பிணிக்குத் தரவே கூடாது. இருவருக்கும் சேர்த்து மருந்து என்பது சரிதான், ஒருவர் மட்டும் குணமானால் மறுபடி அவரிடமிருந்து இவருக்கு வரும். ஆனால் அது இரண்டு பேரும் டாக்டர் முன்னால் உட்கார்ந்து வாங்க வேண்டிய மருந்து. அதை முடித்து ஒரு வாரமாவது சேராமல் இருக்க வேண்டும், சிபிலிஸ் என்றால் டாக்டர் சொல்லும் வரை.

கிளமிடியா என்று இன்னொரு பால்வினைத் தொற்று இருக்கிறது, பெண்களில் பெரும்பாலானோருக்கு எந்த அறிகுறியும் காட்டாது. கவனிக்காமல் விட்டால் கருக்குழாயை அடைத்துவிடும். பிறகு குழந்தை இல்லை என்று கோயில் கோயிலாகச் சுற்றுவதும், பட்டப்பெயர் வாங்குவதும் அவள்தான்.

லாரி டிரைவர், லாஞ்சில் கடலுக்குப் போகும் காசிமேட்டுக்காரர் என்று ஒரு கூட்டத்தின் மேல் போட்டுவிட்டு மற்றவர்கள் ஒதுங்க வேண்டாம். கழுத்தில் ஐடி கார்டு தொங்க விட்டு வருகிறவர்களும் இதே ஃபேனைத்தான் பார்க்கிறார்கள். இருபது வருஷத்துக்கு முன்னால் "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று எய்ட்ஸ் விழிப்புணர்வுக்காக ஊரெல்லாம் போர்டு வைத்தார்கள், சின்னப் பிள்ளைகள் கூட அதையே பேசித் திரிந்தார்கள், பெரியவர்கள் சங்கடப்பட்டார்கள், ஆனால் பேச்சு நடந்தது. இந்தியாவில் எச்ஐவி முதலில் கண்டுபிடிக்கப்பட்டதே 1986-ல் நம் சென்னையில்தான், டாக்டர் சுனிதி சாலமனும் டாக்டர் நிர்மலாவும் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் செய்த வேலை. அப்படிப்பட்ட ஊரில் இன்றைக்கு இருபது வயதுப் பையனுக்கு ஆணுறையை எப்படிப் போடுவது என்று சொல்ல ஆள் இல்லை, அவன் போனில் பார்த்ததை நம்பிக்கொண்டிருக்கிறான்.

அதனால் நானே சொல்லிவிடுகிறேன், வெட்டாமல் போடுங்கள். ஆணுறையைப் பர்ஸிலும் பைக் சீட்டுக்கு அடியிலும் வைக்காதீர்கள், சூட்டில் ரப்பர் இற்றுப்போகும். தேதி பார்த்து வாங்குங்கள், பல்லால் கிழிக்காதீர்கள். நுனியில் காற்று இல்லாமல் பிடித்துக்கொண்டு, ஆரம்பத்திலேயே போட வேண்டும், பாதியில் அல்ல. தேங்காய் எண்ணெய், வாசலின் தடவினால் நிமிஷத்தில் கிழியும், தண்ணீர் சார்ந்த ஜெல் மட்டும்தான். பாதுகாப்பு கூடும் என்று ஒன்றன் மேல் ஒன்று இரண்டு போட்டால் உரசிக் கிழியும். வாய்வழி உறவிலும் தொற்றும். ஆணுறை மூடாத இடத்துத் தோல் வழியாக சிபிலிஸ், ஹெர்பிஸ், எச்பிவி வரலாம் என்பதால் அது முழு வேலி இல்லைதான், ஆனாலும் எச்ஐவிக்கும் வெட்டைக்கும் அதைவிட்டால் கைக்கெட்டும் வேறு நல்ல வழி இல்லை. எல்லாம் முடிந்த பிறகு டெட்டால் ஊற்றிக் கழுவுவதால் ஒரு பலனும் கிடையாது, தோல்தான் வெந்துபோகும். "ஆபரேஷன் பண்ணியாச்சு, அப்புறம் இது எதுக்கு?" என்று கேட்கிற தம்பதிகள் நிறைய. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் கருவைத்தான் தடுக்கும், கிருமியை அல்ல.

ஆணுறை கிழிந்துவிட்டது, எச்ஐவி பயம் என்றால் 72 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் போக வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 28 நாள் மாத்திரை உண்டு. அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அந்த வாய்ப்பு போய்விடும்.

டெஸ்ட்டுக்கு எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு: ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் உள்ள நம்பிக்கை மையத்தில் எச்ஐவி டெஸ்ட் இலவசம், முன்னாலும் பின்னாலும் ஆலோசகர் உட்கார்ந்து பேசுவார். புண், கசிவு என்றால் பால்வினை நோய்ப் பிரிவு. அங்கே அறிகுறிக்குத் தக்கபடி சாம்பல், பச்சை, வெள்ளை என்று நிறம் பிரித்த மருந்துப் பெட்டிகள் வைத்திருப்பார்கள், காசு கிடையாது. ஸ்டான்லிக்குப் போனால் நம் ஏரியா ஆள் யாராவது பார்த்துவிடுவார் என்று கூச்சமாக இருந்தால் சென்ட்ரல் எதிரே ஜி.ஹெச்சுக்குப் போங்கள், அந்தக் கூட்டத்தில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. தொற்று நடந்த உடனே எச்ஐவி டெஸ்ட்டில் தெரியாமல் போகலாம், மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை எடுக்க வேண்டும். வேலை போய்விடுமோ என்ற பயமும் கேள்விப்படுகிறேன். 2018 செப்டம்பர் முதல் அமலில் உள்ள எச்ஐவி சட்டப்படி சம்மதம் இல்லாமல் டெஸ்ட் எடுக்கவும் கூடாது, வெளியே சொல்லவும் கூடாது, அதை வைத்து வேலையை விட்டு எடுக்கவும் கூடாது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு ரத்தத்தில் வைரஸ் தெரியாத அளவுக்கு இறங்கி அப்படியே நீடித்தால் உடலுறவில் அடுத்தவருக்குப் போகாது என்பதையும் சேர்த்துப் போடுங்கள், பாதிப் பயம் அதிலேயே போகும். சிபிலிஸ் ஆரம்பத்தில் தெரிந்தால் பென்சத்தின் பெனிசிலின் ஒரே தடவை போடுவதோடு முடிகிற காரியம்.

ஆனால் ஆஸ்பத்திரி ஓ.பி. காலையில் திறந்து மதியத்தோடு முடிந்துவிடுகிறது. ஹார்பரில் லோடுக்கு வரிசையில் நிற்கிறவரோ, விடியற்காலை மீன் இறக்கிவிட்டுத் தூங்கப் போகிறவரோ எப்படி வருவார்? செக்கப்புக்கு வரும் கர்ப்பிணிகளிடம் "அடுத்த தடவை வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாம்மா" என்று நர்சுகள் சொல்லித்தான் அனுப்புகிறார்கள். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு அவர் வருவதில்லை. மாலையில் ஸ்பெஷலிஸ்ட் டாக்டர் வருகிற மாநகராட்சி சுகாதார நிலையங்கள் இருக்கின்றன. அவற்றில் வாரத்தில் ஒரு மாலை ஆண்களுக்கென்று ஒதுக்கி, சுகர் பிரஷரோடு சேர்த்து இந்த ரத்தப் பரிசோதனையையும் அவரவர் சம்மதத்தோடு எடுக்கலாம். எல்லோரும் சுகருக்கு வந்ததாகச் சொல்லிக்கொள்ளட்டும், என்ன போயிற்று? அடுத்த லாரி டிரைவர் முகாம் நடத்துகிறவர்கள் ஒரு ஆலோசகரையும் ஒரு பெட்டி ஆணுறையையும் கூட வைத்துக்கொள்ளட்டும், அரசே இலவசமாகத் தருகிறது. அடுத்த முகாம் செய்தி வரும்போது இவை இருந்தனவா என்று உங்கள் நிருபரை ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். கூடவே எச்ஐவி உதவி எண் 1097-ஐக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போட்டுவிடுங்கள், கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஒரு பார்மசிஸ்ட்,
தண்டையார்பேட்டை, சென்னை.
(பெயரை வெளியிட வேண்டாம், கவுன்டருக்கு வருகிற நாலு பேரும் வராமல் போய்விடுவார்கள்.)