பெயர் நிரலை மூடி வைக்கச் சொல்

ஹட்டன்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேலியகொடையில் தேயிலைக் களஞ்சியத்துக்கு உன்னைப் பொறுப்பாக்கியிருக்கிறார்கள் என்ற செய்தியை அம்மாவிடம் சொன்னேன். மலையில் பறித்த கொழுந்துக்குக் கொழும்பில் நம் பிள்ளை கணக்கு வைக்கிறாள் என்று அன்று மாலைக்குள் லயம் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார். அவருக்கு முழங்கால் வலி இன்னும் குறையவில்லை, மற்றபடி சுகம். இங்கே மழை விட்டபாடில்லை. கினிகத்தேனைப் பக்கம் மண் சரியும் நாட்களில் கொழும்பு லொறிகள் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடிவதில்லை.

ப்ரொசெஸ் மைனிங் மென்பொருளை உங்கள் நிர்வாகம் வாங்கப் போகிறது, ஊழியர்கள் பயப்படுகிறார்கள், எங்கள் ஹட்டன் களஞ்சியத்தில் அதைப் பார்த்தவள் நான் என்பதால், நல்லதா கெட்டதா என்று கேட்டிருந்தாய். நல்லது என்றே சொல்வேன். ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. அதை விட்டுவிட்டால் அந்த மென்பொருள் உள்ளே வராமலிருப்பதே மேல். நிபந்தனையைப் பின்னால் சொல்கிறேன். முதலில் அது என்ன செய்கிறது என்பது உனக்குத் தெளிவாக வேண்டும். விற்க வருகிறவர்கள் அதை மந்திரம் போலப் பேசுவார்கள்.

அதற்குத் தேவையானவை தரவு அட்டவணையின் மூன்றே நிரல்கள். எந்த ஓடர், என்ன வேலை, எப்போது. நாம் கணினியில் ஒரு ஓடரைத் திறக்கிறோம், கையிருப்பைப் பார்க்கிறோம், இன்வொய்ஸ் அடிக்கிறோம், கேட் பாஸ் கொடுக்கிறோம். ஒவ்வொன்றும் நேரத்தோடு எங்கோ பதிவாகிக்கொண்டேதான் இருக்கிறது. அந்தப் பதிவுகளை ஓடர் வாரியாக அடுக்கினால், ஒவ்வொரு ஓடரும் நடந்து வந்த வழி தெரியும். ஆயிரக்கணக்கான ஓடர்களின் வழிகளை ஒன்றின் மேல் ஒன்று வைத்து மென்பொருள் ஒரு வரைபடம் கீறுகிறது. எதிர்மலையில் நின்று பார்த்தால், தோட்டத்து வீதி எங்கே போடப்பட்டிருக்கிறது என்பதோடு, சனங்கள் தேயிலைச் செடிகளுக்கு நடுவே உண்மையில் எந்த வழியாக நடக்கிறார்கள் என்பதும் தெரியுமல்லவா, அப்படி.

இந்தத் துறையை வளர்த்தவர்களில் முதன்மையானவர் நெதர்லாந்துக்காரரான வில் வான் டெர் ஆல்ஸ்ட். 1990களின் இறுதியில் ஐன்ட்ஹோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இந்த ஆய்வைத் தொடங்கினார். இப்போது ஜேர்மனியில் ஆகன் நகரப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார். அவருடைய குழு ஆரம்பத்தில் எழுதிய ஆல்ஃபா என்ற வழிமுறையின் அடிப்படை மிக எளிமையானது. ஒரு வேலையை அடுத்து இன்னொன்று வருகிறது, தலைகீழாக ஒருபோதும் வருவதில்லை என்றால், முதலாவதைச் சார்ந்தது இரண்டாவது. இரண்டும் முன்னும் பின்னுமாக மாறி மாறி வருகின்றன என்றால், அவை ஒரே நேரத்தில் நடக்கக்கூடியவை. அண்ணன் மகன் எனக்கு இதை ஒரு கடதாசியில் கீறிக் காட்டியபோது, இவ்வளவுதானா என்று வியந்துபோனேன். இன்றைய மென்பொருள்கள் இதைவிட எவ்வளவோ தூரம் வந்துவிட்டன. 2011இல் மியூனிக்கில் தொடங்கிய செலோனிஸ்தான் இன்று இந்த வியாபாரத்தில் பெரிய பெயர்.

இனி எங்கள் கதை. ஹட்டனிலிருந்து நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா, தலவாக்கலைக் கடைகளுக்கெல்லாம் அரிசி, சீனி, மா, சவர்க்காரம் அனுப்புகிறோம். பொருள் தாமதமாக வருகிறது என்று கடைக்காரர்கள் ஓயாமல் முறையிட்டார்கள். பழி முழுக்க இறாக்கையிலிருந்து பொருள் எடுக்கும் பையன்கள் மேல் விழுந்தது. அவர்கள் சோம்பேறிகள் என்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் உறுதியாகத் தெரிந்த விஷயமாக இருந்தது.

வரைபடம் வந்தபோது தாமதம் அவர்களிடம் இல்லை. கொழும்பிலிருந்து அவிசாவளை, கித்துல்கலை வழியாக வரும் லொறி மதியத்துக்கு முன் வந்துவிடும். மூட்டைகள் இறங்கி இறாக்கைக்கும் போய்விடும். ஆனால் பொருள் வந்ததற்கான பதிவு, தாள்கள் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்து, சாயந்தரம்தான் கணினியில் ஏறும். அதுவரை கணினிக்குக் கையிருப்பு பூச்சியம். அதனால் அந்தப் பகலில் வந்த ஓடர்கள் எல்லாம் "பொருள் இல்லை" என்று நிறுத்தப்பட்டு, இரண்டாகப் பிரிக்கப்பட்டு, மிச்சம் மறுநாள் புதிய ஓடராகப் பிறந்தது. ஒரே கடைக்கு இரண்டு லொறிகள் மலையேறின. வரைபடத்தில் இது பின்னோக்கித் திரும்பும் ஒரு தடித்த அம்புக்குறி. கண் முன்னே சீனி மூட்டை இருக்க, இல்லை என்று எழுதிக்கொண்டிருந்தோம்! இதற்கான மருந்துக்குப் பெரிய செலவும் இல்லை. அலுவலகத்தில் சும்மா கிடந்த ஒரு கணினியைப் பொருள் இறக்கும் இடத்துக்கே கொண்டுபோய் வைத்தோம். இறங்க இறங்கப் பதிவு நடக்கிறது.

இரண்டாவது தாமதம் கடன் அனுமதியில். கடன் எல்லையைத் தாண்டிய ஓடர்கள் கணக்காளரின் அனுமதிக்குக் காத்திருக்கும். அவர் வங்கி வேலைகளை முடித்துவிட்டு எல்லாவற்றையும் பின்னேரம் ஒரேயடியாகப் பார்ப்பார். பொகவந்தலாவை லொறியோ காலையிலேயே புறப்பட்டுவிடும். ஒழுங்காகப் பணம் கட்டும் கடைகளின் சிறிய ஓடர்களுக்கு இப்போது அனுமதி தேவையில்லை. மற்றவற்றைக் காலையில் ஒரு முறையும் பார்க்கிறார். கணக்காளர் கெட்டவரும் இல்லை, சோம்பேறியும் இல்லை. அவருடைய நாள் அப்படி அமைந்திருந்தது, அவ்வளவுதான்.

ஆனால் வரைபடத்தை அப்படியே நம்பிவிடாதே. பொருள் எடுக்கும் வேலை சில விநாடிகளில் முடிவதாகவும் அதற்கு முன்னால் நீண்ட இடைவெளி இருப்பதாகவும் எங்கள் வரைபடம் காட்டியது. திரையை மட்டும் பார்க்கிறவர் பையன்கள் நெடுநேரம் சும்மா இருந்துவிட்டுக் கடைசியில் ஓடுகிறார்கள் என்றே முடிவுகட்டுவார். கீழே போய் இறாக்கைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஸ்கேனர் போதவில்லை. ஆகவே எல்லாப் பொருளையும் சுமந்து வந்து அடுக்கிவிட்டு, ஸ்கேனர் கைக்கு வந்ததும் மொத்தமாக ஸ்கேன் செய்கிறார்கள். கணினி பதிவது வேலை நடந்த நேரத்தை அல்ல, பொத்தானை அழுத்திய நேரத்தை. அந்த நீண்ட இடைவெளி முழுக்க அவர்களுடைய முதுகு வலிக்கும் உழைப்பு. நீயும் எந்த எண்ணையும் கீழே போய்ப் பார்க்காமல் கூட்டத்தில் வைக்காதே.

விதி மீறல்களைக் காட்டும் பகுதி ஒன்றும் அதில் உண்டு. எழுதிய நடைமுறையையும் நடந்ததையும் ஒப்பிட்டுச் சிவப்பில் காட்டும். எங்களுக்குச் சிவப்பாக வந்தது, சரிபார்ப்புக்கு முன்பே கேட் பாஸ் கொடுக்கப்பட்ட ஓடர்கள். பெரும்பாலானவை மஸ்கெலியாப் பாதைக்கு உரியவை. பின்னேரம் பனிமூட்டம் இறங்கிவிட்டால் அந்த வளைவுகளில் லொறி ஓட்டுவது என்னவென்று உனக்குத் தெரியும். சாரதிகள் முன்கூட்டியே புறப்பட நினைத்தது நியாயம். ஆகவே விதியை மாற்றினோம். அந்தப் பாதைக்கு உரியவை பொருள் ஏற்றும்போதே சரிபார்க்கப்படுகின்றன.

இன்னொன்று, பருவம். டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலைக்குச் சனம் வரும் காலத்தில் நல்லதண்ணிக் கடைகளின் ஓடர்கள் வேறு மாதிரி வரும். சின்னச் சின்னதாக, அடிக்கடி, அவசரமாக. ஆண்டு முழுவதையும் ஒன்றாகப் போட்டுச் சராசரி எடுத்தால் வரும் வரைபடம் எந்த மாதத்துக்கும் பொருந்தாது. இரண்டாகப் பிரித்துத்தான் பார்த்தோம்.

உன்னுடைய களஞ்சியத்தில் வேலை இதைவிடச் சிக்கலானது என்று நினைக்கிறேன். தோட்டத்திலிருந்து வரும் ஒவ்வொரு தொகுதிக்கும் இன்வொய்ஸ் இலக்கம் இருப்பது பெரிய வசதி. வருகை, நிறுவை, மாதிரி எடுத்தல், பட்டியலில் சேர்த்தல், ஏலம், பணம், வெளியேற்றம் என்று அந்த இலக்கத்தைப் பிடித்துக்கொண்டே போகலாம். ஆனால் கொழும்பு ஏலம் 1883இல் தொடங்கிய நாளிலிருந்து தனக்கென்று ஒரு நாட்காட்டி வைத்திருக்கிறது. 2020இல் இணையவழிக்கு மாறிய பிறகும் நாட்காட்டி நாட்காட்டிதான். பட்டியலுக்கும் ஏலத்துக்கும் நடுவே தேயிலை காத்திருப்பதை உன் ஆட்களின் தாமதமாக யாராவது எண்ணினால் விடாதே. அடுத்து, கலவை. ஏற்றுமதிக்காரருக்காகப் பல தோட்டத்துத் தேயிலைகள் ஒன்றாகக் கலந்து ஒரே கொள்கலனில் போகும் இடத்தில் "ஒரு இலக்கம், ஒரு வழி" என்ற கணக்கு உடைந்துவிடும். ஒரே வெளியேற்றத்தை ஒவ்வொரு இன்வொய்ஸுக்கும் திரும்பத் திரும்ப எண்ணி, வேலை பல மடங்கு நடந்ததாகக் காட்டும். இதற்காகவே பல பொருட்களை ஒரே நேரத்தில் பின்தொடரும் புதிய முறை ஒன்றை வான் டெர் ஆல்ஸ்ட் குழுவினர் கொண்டுவந்திருக்கிறார்கள். விற்க வருகிறவரிடம் அது உண்டா என்று நேரடியாகக் கேள். வாங்குவதற்கு முன் இலவசக் கருவிகளில் ஒரு மாதத் தரவைப் போட்டுப் பார்ப்பதும் நல்லது. ப்ரோம் என்று ஒன்று இருக்கிறது, பைதன் கணினிமொழி தெரிந்தவர்களுக்கு பிஎம்4பை இருக்கிறது. அண்ணன் மகன் எங்களுக்கு அதில்தான் செய்து காட்டினான்.

இப்போது நிபந்தனை. மூன்று நிரல்கள் போதும் என்றேன். தரவை எடுக்கும்போது நான்காவதாக ஒரு நிரலும் கூடவே வரும். வேலையைச் செய்தவரின் பெயர். அதைத் திறந்தவுடன் மென்பொருள் ஆளுக்கு ஆள் வேகத்தை வரிசைப்படுத்திக் கொடுத்துவிடும். எங்களிடமும் அந்தப் பட்டியல் கேட்கப்பட்டது. நான் எழுந்து முடியாது என்றேன்.

ஏன் என்று உனக்கு விளக்க வேண்டியதில்லை. நம் அம்மாமார் பறித்த ஒவ்வொரு கிலோவும் எழுதப்பட்டது. சாக்கு எடை, மழைத் தண்ணீர் என்று கழித்ததும் எழுதப்பட்டது. கிலோ குறைந்த நாளில் அரைப் பெயர், அதாவது அரை நாள் சம்பளம்தான் விழுந்தது. செடியில் கொழுந்து இருந்ததா, மலை எவ்வளவு சரிவு, தராசு எத்தனை மணிக்கு வந்தது என்று யாரும் எழுதவில்லை. ஆளைப் பற்றிய கணக்கு மட்டும் இருந்தது, வேலையைப் பற்றிய கணக்கு இருக்கவில்லை. இந்த மென்பொருள் வேலையைப் பற்றிய கணக்கைத் தரக்கூடியது. அதனால்தான் அதை நான் விரும்புகிறேன். அதையே மறுபடியும் ஆளை நிறுக்கும் தராசாக்க நாமே கைகொடுக்கலாமா?

பயத்தால் தரவும் கெட்டுப்போகும். பெயர் பார்க்கப்படுகிறது என்று தெரிந்தால் ஊழியர் வேலைக்கு ஏற்றபடி பொத்தானை அழுத்த மாட்டார், பட்டியலுக்கு ஏற்றபடி அழுத்துவார். பிறகு வரைபடத்தை வைத்து என்ன செய்வது?

பெயருக்குப் பதிலாகப் பதவியைப் போட்டுவிட்டோம் என்று சொல்வார்கள். அது போதாது. எங்களிடம் சரிபார்ப்பு மேசையில் இருப்பது ஒரே ஒரு பெண். பதவியைச் சொன்னாலே அவள்தான். ஆகவே எழுத்தில் வாங்கு. பெயர் நிரல் யாருக்கும் திறக்கப்படாது, இந்தத் தரவை வைத்து யாருடைய சம்பளமும் ஊக்கத்தொகையும் வேலையும் தீர்மானிக்கப்படாது, வரைபடத்தை முதலில் பார்ப்பவர்கள் அந்த வேலையைச் செய்கிறவர்கள். தொழிற்சங்கப் பிரதிநிதியையும் கையெழுத்திடச் சொல். நாடகம் என்று யாராவது முகம் சுளித்தால், செலோனிஸ் பிறந்த ஜேர்மனியில் ஊழியர்களைக் கண்காணிக்கக்கூடிய தொழில்நுட்பம் எதையும் ஊழியர் சபை உள்ள நிறுவனம் அந்தச் சபையின் சம்மதம் இல்லாமல் கொண்டுவர முடியாது என்று சொல். ஊழியர் சபைகள் பற்றிய அந்நாட்டுச் சட்டத்தின் 87ஆம் பிரிவு அது. நம் நாட்டிலும் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்காக 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. உன் மனிதவளப் பிரிவினர் அதை வாசித்திருக்கிறார்களா என்று கேட்டுப் பார்.

எங்கள் பையன்களில் மூத்தவருக்கு அந்தத் தடித்த அம்புக்குறியைக் காட்டினேன். இதைத்தான் நான் இவ்வளவு காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன் தங்கச்சி என்றார். கேட்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. உன் இடத்திலும் அப்படிச் சொல்லிக்கொண்டிருப்பவர் ஒருவர் நிச்சயம் இருப்பார். மென்பொருள் வருவதற்கு முன் அவரோடு உட்கார்ந்து ஒரு தேநீர் குடி.

உங்கள் தரவில் என்னென்ன நிரல்கள் இருக்கின்றன என்று தலைப்புகளை மட்டும் எழுதி அனுப்பு. தரவு வேண்டாம். எது எதற்குப் பயன்படும் என்று அண்ணன் மகனைக் கேட்டு எழுதுகிறேன். கலவைப் பிரிவில் ஒரு இன்வொய்ஸ் எத்தனை இடங்களில் பிரிந்து போகிறது என்பதையும் கேட்டு எழுது, அதை அறிய அவனுக்கு மிகுந்த ஆவல். தீபாவளிக்கு வருகிறாய் என்றால் இரவு ரயிலில் வராதே, பகல் ரயிலில் வா. அம்மா உனக்காக முறுக்கு மாவை இப்போதே கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
உன் தோழி