பெட்டியை எங்கே வைப்பது?

பெருநகரங்களின் சுற்றுலாத் துறையினருக்கும் அருங்காட்சியக நிர்வாகிகளுக்கும்,

வணக்கம்.

காலை ரயிலில் வந்திறங்கி, சுற்றிப் பார்த்துவிட்டு, ராத்திரி வண்டிக்கே கிளம்பிவிடும் கூட்டத்தில் நானும் ஒருத்தி. உங்கள் ஊரைப் பற்றி வண்ணப் புத்தகமும் செயலியும் வேண்டிய மட்டும் கிடைக்கின்றன. பெட்டியை வைக்கத்தான் இடம் கிடைப்பதில்லை.

ஒரு பகலுக்காக யாரும் அறை எடுப்பதில்லை. எடுத்தாலும் மதியத்துக்கு முன்னால் சாவி தரமாட்டார்கள். ஆகவே பெட்டியோடுதான் உங்கள் வாசலுக்கு வருகிறோம். பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் 55 x 35 x 20 செ.மீ. அளவைத் தாண்டிய பெட்டிக்கு அனுமதி இல்லை. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் சக்கரப் பெட்டியே கூடாது. பாதுகாப்புக்காக என்கிறீர்கள், சரி, அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் பல ஊர்களில் இந்த மாதிரி விதி எங்களுக்குத் தெரியவருவதே பை சோதிக்கும் மேஜைக்கு முன்னால்தான். வெகுநேரம் வரிசையில் நின்று வந்தவரிடம் காவலர் பெட்டியைப் பார்த்து விரலை ஆட்டுவார், அவ்வளவுதான். அப்புறம் வீட்டில் ஒருவர் வெளியே பெட்டிக்குக் காவல், மற்றவர்கள் உள்ளே. அந்தக் காவல் பெரும்பாலும் அம்மாக்களுக்குத்தான் வாய்க்கிறது. உள்ளே போனவர்களாவது நிம்மதியாகப் பார்க்கிறார்களா? வெயிலில் நிற்பவரை நினைத்துக்கொண்டே ஓட்டமும் நடையுமாகத் திரும்பிவிடுகிறார்கள்.

விதியைத் தளர்த்தச் சொல்லவில்லை. டிக்கெட் விற்கும் இடத்திலேயே பெட்டியின் அளவைச் சொல்லுங்கள், பக்கத்தில் எங்கே வைக்கலாம் என்றும் சொல்லுங்கள். ரயில் நிலையத்தில் கிளோக் ரூம் இருக்கிறதே என்பீர்கள். இந்திய நிலையங்களில் பூட்டுப் போடாத பெட்டியை அங்கே வாங்கமாட்டார்கள். இது தெரியாமல் வந்து, பூட்டு வாங்கக் கடை தேடுவதில் ஒரு மணி நேரம் போய்விடும்.

வார விடுமுறை இன்னொரு தலைவலி. தாஜ்மகாலுக்கு வெள்ளி, தில்லி செங்கோட்டைக்குத் திங்கள். விடுமுறை விடுவதைக் குறை சொல்லவில்லை. பாரிஸில் லூவர் செவ்வாயன்று மூடினால், ஆற்றுக்கு எதிர்க்கரையில் இருக்கும் ஒர்சே அருங்காட்சியகம் திங்களன்று மூடுகிறது. இரண்டில் ஒன்றையாவது பார்த்துவிடலாம். தில்லியில் செங்கோட்டையோடு தேசிய அருங்காட்சியகத்துக்கும் திங்கள்தான் விடுமுறை. ஆனால் ஹுமாயூன் கல்லறையும் குதுப் மினாரும் அன்றைக்குத் திறந்திருக்கும். 'இன்று இது இல்லை, அது உண்டு' என்று ரயில் நிலைய வாசலில் ஒரு பலகை வைத்தால், பூட்டிய கதவு வரை போய்த் திரும்பும் அலைச்சல் மிச்சம்.

அந்தப் பலகையிலேயே கடைசி டிக்கெட் கொடுக்கும் நேரத்தையும் எழுதிவிடுங்கள். மூடும் நேரம் எங்களுக்கு எதற்கு?

எழுத ஆள் இல்லையென்றால் நிலைய வாசலில் நிற்கும் டாக்சிக்காரரைக் கேளுங்கள். எது என்றைக்குத் திறந்திருக்கும் என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

இப்படிக்கு,
பெட்டியும் கையுமாக ஒரு பயணி