‘சின்ன மாமியே’ யாருடைய பாடல்?

ஆசிரியர் அவர்கட்கு,

மறைந்த பொப்பிசைப் பாடகர் ஏ. ஈ. மனோகரனின் நினைவாக ஊர் ஊராக நடைபெறும் அஞ்சலி இசை நிகழ்ச்சிகளைப் பற்றி, கடந்த இதழில் தாங்கள் வெளியிட்ட கட்டுரையைக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை வாசித்தேன். என் பார்வையில் பிழையில்லை. ‘சின்ன மாமியே’ பாடலால் தமிழர்களைத் துள்ள வைத்தவர் மனோகரன் என்றுதான் அச்சாகியிருக்கிறது.

அது உரும்பிராய் நித்தி கனகரத்தினத்தின் பாடல் என்பதும், ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’ என்று பாடியவரும் அவரே என்பதும் தங்களுக்குத் தெரியாதிருக்க நியாயமில்லை. எழுபதுகளில் யாழ்ப்பாணத்தில் வானொலிப் பெட்டி இருந்த வீடுகளில் சிறுபிள்ளைக்கும் தெரிந்த விடயம் அது.

நான் அக்காலத்தில் எங்கள் ஊர் இசைக்குழுவில் பொங்கோஸ் என்ற சின்ன இரட்டை மேளம் தட்டியவன். மார்கழிப் பனியில் தோல் தளர்ந்துவிடும் என்பதால், மேடைக்குப் பின்னால் தென்னோலையைக் கொளுத்தி அதன் சூட்டில் காட்டி இறுக்குவோம். விரல்களுக்குப் பிளாஸ்டர் சுற்றிக்கொள்வோம். எங்கள் பாடகர் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர். ஆனாலும் ‘சின்ன மாமியே’யைத் தொடங்குமுன் நித்தி அண்ணையின் பெயரையும், ‘சுராங்கனி’யைத் தொடங்குமுன் மனோகரனின் பெயரையும் ஒலிவாங்கியில் சொல்லாமல் வாய் திறக்கமாட்டார். பட்டதாரிகள் பணியாற்றும் தங்கள் அலுவலகத்தில் அந்த வழக்கம் இல்லைப் போலும்.

மனோகரனுக்கு இரவல் புகழ் தேவையுமில்லை. சுராங்கனிக்கு மீன் கொண்டுவந்த சிங்களப் பைலா என்னும் துள்ளல் பாட்டைத் தமிழ்க் காதுகளுக்குப் பழக்கி, கடல் கடந்து சென்னை வரை கொண்டுபோனவர் அவர். அந்தப் பாட்டு 1977இல் இளையராஜாவின் இசையில் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்திலும் இடம்பெற்றது. அடுத்த ஆண்டு வெளிவந்த நம் நாட்டுப் படமான ‘வாடைக்காற்று’ அவரது நடிப்பையும் நமக்குக் காட்டியது. இவற்றில் ஒன்றுகூடத் தங்கள் கட்டுரையில் இல்லை. 2018 சனவரி 22ஆம் திகதி அவர் சென்னையில் காலமானபோதும், தாங்கள் வில்லன் வேடப் படம் ஒன்றைப் போட்டு, ‘நடிகர் மறைவு’ என்று நான்கு வரியில் முடித்துக்கொண்டீர்கள். அதற்கும் ஒரு கடிதம் எழுதினேன். முத்திரைச் செலவு என்னுடையது என்பதால் நான் குறை சொல்லவில்லை.

தாங்கள் மெச்சி எழுதிய அந்த நிகழ்ச்சிக்கு நானும் போயிருந்தேன். ஓய்வூதியத்தில் இரண்டாயிரம் ரூபாய் கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கி, பிளாஸ்டிக் கதிரையில் மூன்று மணி நேரம் குந்தியிருந்தேன். மனோகரன் பாடியவற்றில் மூன்றுதான் கேட்டது. மற்றவையெல்லாம் புதுச் சினிமாப் பாட்டுகள். பைலாவின் உயிரே அந்த ஆறெட்டுத் தாளத்தின் சாய்வில்தான் இருக்கிறது. அதைக் கணினியில் பதிந்து வந்து ஒலிக்கவிட்டார்கள். மேடையில் ஓர் இளைஞன் வெறுமனே கையை ஆட்டிக்கொண்டு நின்றான். அங்கேயும் ‘சின்ன மாமியே’ மனோகரனின் பெயரில்தான் போனது. எழுந்து சொல்ல முயன்றேன். ‘ஐயா, இருங்கோ, பின்னுக்கு மறைக்குது’ என்றார்கள். இருந்துவிட்டேன். தங்கள் நிருபர் அந்த அறிவிப்பைக் கேட்டுத்தான் எழுதினார் என்று இப்போது விளங்குகிறது.

இன்னொன்று. ‘பாப்’ என்று எழுதுகிறீர்கள். நாங்கள் ‘பொப்’ என்று சொல்லித்தான் பாடினோம், ஆடினோம். தமிழகத்துச் சஞ்சிகைகள் அவர்கள் வழக்கப்படி எழுதட்டும். யாழ்ப்பாணத்தில் அச்சாகும் ஏட்டுக்கு என்ன வந்தது?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில், வாசகர் கண்ணில் படும் இடத்தில், ‘சின்ன மாமியே’ நித்தி கனகரத்தினத்தின் பாடல் என்று இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். இடம் போதாவிட்டால் இராசிபலனில் ஓர் இராசியைக் குறைத்துக்கொள்ளலாம். என்னுடையதையே குறைத்தாலும் சம்மதம்.

இப்படிக்கு,
பழைய பொங்கோஸ்காரன்,
கோண்டாவில்.