கல்லுக்கு அடியில் தொங்கும் தொட்டி

ஸ்கார்பரோ, கனடா

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். இங்கு நாங்கள் அனைவரும் நலம். புகைப்படத்தில் பார்த்த, பாத்திரம் கழுவக் கல் மேடைக்கு அடியிலிருந்து பொருத்திய எங்கள் புதிய எவர்சில்வர் தொட்டியை (சிங்க்) போலவே கும்பகோணம் வீட்டிலும் ஒன்று வைக்கலாமா என்று அம்மா கேட்பதாகப் போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். எவர்சில்வர் பாத்திரக் கடையிலேயே வாழ்நாளைக் கழித்த உங்களுக்கு எவர்சில்வரைப் பற்றி எழுதுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான். ஆனாலும் பாத்திரமாக இருக்கும்போது அதற்கு இல்லாத சில தொல்லைகள் தொட்டியாகும்போது வந்து சேருகின்றன. அவற்றை மட்டும் எழுதுகிறேன்.

நாங்கள் வாங்கிய வீடு 1960களில் கட்டப்பட்டது. பழைய தொட்டி மேலிருந்து இறக்கி வைக்கும் வகை. அதன் விளிம்பு மேடையின் மேல் படிந்திருக்கும். அந்த விளிம்பைச் சுற்றி எப்போதும் ஈரமும் அழுக்கும் தங்கி, ஒட்டியிருந்த சிலிக்கோன் கறுத்துப் போயிருந்தது. மேடையோ மரத்தூளை அழுத்திச் செய்த பலகையின் மேல் மைக்கா ஒட்டியது. ஓரத்தில் நீர் இறங்கிப் பலகை உப்பிவிட்டது. கீழிருந்து பொருத்தும் தொட்டியில் மேடையின் வெட்டு முகமே வெளியே தெரிந்து தினமும் நனையும் என்பதால், இத்தகைய பலகைக்கு அது ஒத்துவராது. கல் மேடைதான் வேண்டும். ஆகவே தொட்டியை மாற்றப் புறப்பட்டவர்கள் மேடையையும் மாற்ற வேண்டியதாயிற்று. இங்கே ஆள் கூலி மிக அதிகம். ஒரு வேலையைத் தொட்டால் அதன் பின்னால் நிற்கும் மற்ற வேலைகளையும் கணக்கில் சேர்த்துக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

தகட்டின் கனத்தை இங்கேயும் கேஜில்தான் சொல்கிறார்கள். எண் குறையக் குறையக் கனம் கூடும் என்பது நம் கடையில் கேட்ட பாடந்தான். 16 கேஜ் என்றால் சுமார் 1.5 மில்லிமீட்டர், 18 கேஜ் என்றால் சுமார் 1.2 மில்லிமீட்டர். நாங்கள் 16 எடுத்தோம். ஆயினும் இரும்புச் சட்டி கைநழுவி விழுகிற வீட்டுக்கு 18 கேஜும் போதும் என்பதே என் கருத்து. கனத்தைவிடத் தரம் முக்கியம். 304 என்ற எவர்சில்வர் வகையில் சுமார் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் இருக்கும். 202 வகையில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். விலை குறையும், உப்பும் ஈரமும் சேர்ந்தால் துரு எளிதில் பிடிக்கும். வாடிக்கையாளர்கள் நம் கடைக்குக் காந்தத்தோடு வருவார்களே, அந்தச் சோதனை இங்கே உதவாது. 304, 202 இரண்டுமே பொதுவாகக் காந்தத்தில் ஒட்டுவதில்லை; மாறாக, நல்ல 304 தகட்டையே அச்சில் அழுத்தி வளைக்கும்போது அதன் மூலைகள் லேசாகக் காந்தத்தை இழுக்கலாம். சுண்டிப் பார்த்து ஓசை கேட்பதும் பயன்படாது. பாத்திரங்கள் விழும் சத்தத்தை அடக்கவும், குளிர்காலத்தில் குழாய் நீர் பட்டு அடிப்புறம் வியர்த்து அலமாரியை நனைக்காமல் இருக்கவும், வெளிப்பக்கம் ரப்பர் தகடும் பூச்சும் கொடுத்திருப்பதால், தட்டினால் மொத்தையான ஓசைதான் வரும். முத்திரையையும் ரசீதையும் நம்புவதைத் தவிர வேறு வழியில்லை.

மூலைகள் கத்தி போல நேராக மடிந்த தொட்டிகள் கடையில் அழகாகத் தெரிகின்றன. ஆனால் அந்த மூலையில் ஒட்டிய சோற்றுப் பருக்கையை விரலால் எடுக்க முடியாது. மூலை சற்று வளைந்த தொட்டியைத்தான் உங்கள் மருமகள் தேர்ந்தெடுத்தாள். இட்லிப் பானை படுக்க வேண்டும் என்பதற்காக நடுவில் தடுப்பு இல்லாத ஒற்றைத் தொட்டி; வெளியளவு 32 அங்குலத்துக்கு 19, ஆழம் 9. இந்த நாடு மெட்ரிக் அளவுக்கு மாறிப் பல பத்தாண்டுகள் ஆகியும் தச்சரும் கடைக்காரரும் அங்குலத்தில்தான் பேசுகிறார்கள் என்பது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கும்.

ஆழத்தைப் பற்றி அம்மாவிடம் தனியாகச் சொல்லுங்கள். கீழிருந்து பொருத்தும்போது கல்லின் கனமும் ஆழத்தோடு சேர்ந்துகொள்கிறது. இங்கு மேடையின் உயரம் வழக்கமாக 36 அங்குலம். நம் வீட்டு மேடை 32 என்று நினைவு. அங்கே 10 அங்குலத் தொட்டி வைத்தால் அதன் அடி தரையிலிருந்து ஏறத்தாழ 21 அங்குலத்துக்கு இறங்கிவிடும். நாள்தோறும் குனிந்து கழுவ அம்மாவின் இடுப்பு தாங்காது. 8 அங்குலத்துக்கு மேல் வேண்டாம்.

கல் வேலைக்காரர் தொட்டியைக் கையில் கொடுத்த பிறகே அளவெடுத்தார். வெட்டிய ஓரம் கண்ணில் படும் என்பதால் அதையும் மெருகேற்ற வேண்டும். அதற்குத் தனிக் கூலி. கல் தொட்டியின் சுவரைத் தாண்டி உள்ளே நீட்டிக்கொண்டிருக்க வேண்டுமா, சரிமட்டமாக நிற்க வேண்டுமா, தொட்டியின் விளிம்பு சிறிது வெளியே தெரிய வேண்டுமா என்று கேட்டார். கல் நீண்டிருந்தால் இணைப்பு மறையும். ஆனால் அதன் அடியில் சேரும் வழுவழுப்பும் சேர்ந்தே மறையும். சரிமட்டமாகவே வெட்டச் சொன்னோம். தொட்டிக்காக வெட்டும் துளைக்கு முன்னால் மிஞ்சும் ஒடுங்கிய கல்பட்டைதான் முழுப் பலகையிலும் பலவீனமான இடம். தூக்கும்போது விரிசல் விட்டால் அங்கேதான் விடும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, தொட்டி எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்பது. மேலிருந்து இறக்கும் தொட்டியின் பாரத்தை மேடை தாங்கும். இதுவோ கல்லிலிருந்து தொங்குகிறது. எங்கள் தொட்டி நிரம்பினால் நீர் மட்டும் 70 லிட்டருக்கு மேல், அதாவது 70 கிலோவுக்கு மேல். சிலிக்கோன் நீர் கசியாமல் காக்கும். இவ்வளவு பாரத்தை அதன் பொறுப்பில் விடக்கூடாது. ஆகவே அலமாரியின் இரு பக்கச் சுவர்களிலும் கட்டைகளைத் திருகி, அவற்றின் மேல் தொட்டியின் விளிம்பு அமரும்படி செய்து, அதோடு கல்லின் அடியில் எபாக்சி பசையால் ஒட்டிய கிளிப்புகளாலும் இறுக்கினார்கள். சிலிக்கோன் தடவுவதற்கு முன் கல்லையும் விளிம்பையும் ஸ்பிரிட்டால் துடைத்தார்கள். பின்னர் வடிகால் துளை வழியாக நீண்ட இடுக்கியை விட்டு, மேலே கட்டையைக் குறுக்கே வைத்து இறுக்கி, சிலிக்கோன் காயும் வரை ஒரு நாள் அப்படியே விட்டுவிட்டார்கள்.

குழாய் வேலை சுருக்கமானது. சுவருக்குள் போகும் கழிவுக் குழாயின் உயரத்தை முதலில் பார்க்க வேண்டும். தொட்டி ஆழமானால் அதன் வாய் அந்தக் குழாய்க்குக் கீழே போய்விடக்கூடும், நீர் மேலேறி வடியாது. தொட்டிக்கு அடியில் வரும் டிராப் என்ற வளைந்த குழாயில் எப்போதும் சிறிது நீர் தேங்கி நின்று சாக்கடை வாடையைத் தடுக்கிறது. நம் வீட்டில் நெளியும் பிளாஸ்டிக் குழாயைத் தரைத் துளையில் செருகியிருக்கிறோமே, கரப்பான் பூச்சிகள் வருவது அந்த வழியில்தான். இந்த முறை டிராப் வைக்காமல் பிளம்பரை அனுப்பிவிடாதீர்கள். வேலை முடிந்ததும் தொட்டியை விளிம்பு வரை நிரப்பி, ஒரே மூச்சில் திறந்துவிட்டு, கீழே ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த காகிதத்தால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இரும்பு நாரும் பிளீச்சிங் பவுடரும் கூடாது என்று பாத்திரம் தேய்க்க வரும் அக்காவிடமும் சொல்லிவையுங்கள். நாரின் துகள் படிந்து துருப்பிடிக்கும், பிளீச்சிங் பவுடரில் உள்ள குளோரின் எவர்சில்வரில் புள்ளிப் புள்ளியாகக் குழி விழச் செய்யும்.

அங்கே கிரானைட் மேடை கனமானது என்பதால் தாங்குவதற்கு மரக்கட்டைக்குப் பதிலாக இருபுறமும் கடப்பா கல்லையே நிறுத்தலாம் என்று தோன்றுகிறது. மேடையின் உயரம், அகலம், கழிவுக் குழாய் தரையிலிருந்து எத்தனை அங்குலத்தில் இருக்கிறது என்ற மூன்றையும் அளந்து எழுதுங்கள். தொட்டி வீட்டுக்கு வந்து சேரும் வரை கொத்தனாரைக் கல்லில் கை வைக்க விட வேண்டாம்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்